கவசம் உடுத்திய கடல் புழு: காரை மண்ணிலிருந்து பெருங்கடலின் அடி வரை

சென்ற விடுமுறையில் உறவுக்காரப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு காரைக்குப் போயிருந்தோம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், கொளக்காநத்தம் பக்கம் இருக்கிற அந்த ஊரைச் சொன்னால் நம்மில் பலருக்கு வெயிலும் வறண்ட ஓடைகளும்தான் நினைவுக்கு வரும். மழைநீர் அறுத்துப் போட்ட செம்பழுப்புக் களிமண் மேடுகள், நடுவே பளபளக்கும் ஜிப்சம் கீற்றுகள், ஒரு புல் பூண்டு கிடையாது. வண்டியை விட்டு இறங்கியதும் "இங்கே என்ன இருக்கு?" என்று முகம் சுளித்த பிள்ளைகள், கால் மணி நேரத்தில் தரையோடு தரையாகக் குனிந்துவிட்டார்கள். காரணம், அங்கே தரையில் கிடப்பது வெறும் கல் அல்ல. துப்பாக்கித் தோட்டா போன்ற பெலெம்நைட் துண்டுகள், அம்மோனைட்டின் உடைந்த வரிகள், சிப்பி ஓடுகள் எல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன.

அதில் ஒரு சிறுமி, காசு அளவுக்குச் சுருண்ட ஒரு கல்லை எடுத்து, "அத்தா, இது நத்தையா?" என்று கேட்டாள். அவளுடைய அத்தாவும் ஆமாம் என்றார், நாமும் ஆமாம் என்றோம். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் நாம் சொன்னது தவறு என்று தெரிந்தது. அந்த வகைச் சுருள்களில் பெரும்பாலானவை நத்தைகள் அல்ல, புழுக்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடிச் சேற்றில், சுண்ணாம்பால் குழாய் கட்டிக்கொண்டு வாழ்ந்த கடல் புழுக்கள்.

நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. இதே தவறைச் செய்தவர் சாதாரண ஆள் இல்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஸ்டோலிக்ஸ்கா என்ற அறிஞர், திருச்சி, அரியலூர் பகுதிகளின் கல்லுயிர்களைப் பற்றிப் பெரும் தொகுதிகளாக எழுதியவர். 1868இல் இந்தச் சுருள்களுக்கு 'டியூபுலோஸ்டியம்' என்று பெயர் வைத்தபோது, அவரும் நத்தைக் கூட்டத்தில்தான் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள்தான் ஓட்டின் அமைப்பைப் பார்த்து, இது புழு கட்டிய வீடு என்று திருத்தினார்கள்.

புழு என்றதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். டைனோசர் என்றால் கண் விரியும், புழு என்றால் முகம் சுருங்கும். பெரியவர்களும் அப்படித்தான். அதனால் கடல் புழுக்களிலேயே பார்த்தவுடன் கண்ணை எடுக்க முடியாத ஒரு குடும்பத்தைப் பற்றி இங்கே எழுதுகிறோம். செதில் புழுக்கள். இவற்றில் சில இனங்கள் இன்றும் பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில், ஒரு துளி சூரிய வெளிச்சமும் எட்டாத இடத்தில் வாழ்கின்றன. அவை வாழும் கடலடிக்கும், நாம் குடியிருக்கும் இந்தப் பழைய கடலடிக்கும் உள்ள தொடர்பைக் கடைசியில் சொல்கிறோம்.

பூரானா, மீனா, புழுவா?

செதில் புழு நம் வயல் மண்புழுவுக்குக் கடல்வழி உறவு. மண்புழுவைப் போலவே உடல் வளையம் வளையமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் சதையாலான கால் போன்ற உறுப்பும், அதிலிருந்து நீட்டி நிற்கும் முள் கற்றையும் உண்டு. நீளம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். தட்டையான உடல். தூரத்திலிருந்து பார்த்தால் குட்டைப் பூரான் ஒன்று கடலுக்குள் இறங்கிவிட்டதோ என்று தோன்றும்.

இதன் முதுகில் இரண்டு வரிசையாக வட்டவட்டச் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். நாட்டு ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இனத்தைப் பொறுத்து 12 இணை, 15 இணை, 18 இணை என்று எண்ணிக்கை மாறும். மீன் செதில் போல இவை தோலோடு ஒட்டியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிறிய குமிழ்க் காம்பின் மேல் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எல்லா வளையத்திலும் செதில் இருப்பதில்லை என்பது இன்னொரு விந்தை. 2, 4, 5, 7, 9 என்று குறிப்பிட்ட வளையங்களில் மட்டும் செதில் வரும். இடையில் விடுபட்ட வளையங்களில் உணர்வு இழை நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக ஒரு புழுவைக் கண்டெடுத்தால் ஆய்வாளர்கள் முதலில் எண்ணுவது இந்தக் கணக்கைத்தான்.

செதில் எதற்கு? கவசம் என்பது முதல் பதில். அதோடு நிற்கவில்லை. செதிலுக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது. அதன் வழியே நீர் ஓடிக்கொண்டே இருக்கும், புழு மூச்சுவிட அது உதவுகிறது. சில இனங்களில் தாய்ப்புழு முட்டைகளை அந்தச் சந்திலேயே வைத்துக் காக்கிறது. ஓட்டுக்கு அடியில் அடைகாத்தல் என்று சொல்லலாம்.

எதிரி கடித்தால் செதில் கழன்று அவன் வாயில் மாட்டிக்கொள்ளும், புழு நழுவிவிடும். பல்லி வாலை விடுவது போல. ஆழம் குறைந்த கடலில் வாழும் சில இனங்களில் இந்தத் தந்திரம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அவற்றின் செதில்கள் ஒளி விடும். புழு இரண்டாக வெட்டுப்பட்டால், பின் பாதியின் செதில்கள் பச்சை ஒளியாய் மின்னிக்கொண்டே இருக்கும். முன் பாதி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஊர்ந்து தப்பிக்கும். எதிரி மின்னுவதைத் தின்றுகொண்டிருக்க, தலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும். போன செதில்கள் மறுபடி முளைக்கும்.

இதை வைத்து இது ஒரு பயந்த பிராணி என்று நினைத்துவிட வேண்டாம். பல இனங்கள் வேட்டைக்காரர்கள். தொண்டையையே உள்ளிருந்து வெளியே புரட்டி நீட்டும், சட்டைக் கையைத் திருப்புவது மாதிரி. அதன் நுனியில் இரண்டு இணைத் தாடைகள் இருக்கின்றன. சிறு நண்டு இனங்கள், மற்ற புழுக்கள் எல்லாம் இரை.

சென்னையில் பதிந்த பெயர்

நம் கடற்கரைக்கும் இந்தப் புழுக்களுக்கும் பழைய பழக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட தொகுதியில் முட்புழுக்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. அடுத்து, அந்த அருங்காட்சியகத்தின் புழுச் சேகரிப்பை எல்லாம் பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபோவெல் ஆராய்ந்து 1930இல் எழுதினார். 1953இல் வந்த இந்திய முட்புழுக்கள் பற்றிய பெருநூலும் அவருடையதுதான்.

இதில் ஒரு சுவையான செய்தி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் செதில் புழுக்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட மரியன் பெட்டிபோன் என்ற அம்மையார், 1976இல் ஆழ்கடல் செதில் புழுப் பேரினம் ஒன்றுக்கு 'பாத்திஃபோவெலியா' என்று பெயரிட்டார். பொருள், ஆழத்து ஃபோவெல். எழும்பூரில் புட்டிகளில் கிடந்த புழுக்களைப் பிரித்துப் பெயர் எழுதிய அதே மனிதரின் பெயர், இன்று சூரியன் எட்டாத ஆழத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

வெள்ளாற்றையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நம் லெப்பைக்குடிக்காட்டைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே ஆறுதான் பரங்கிப்பேட்டையில் கடலோடு சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சேற்றுப் புழுக்களைச் சல்லடையில் சலித்து எண்ணும் வேலையில் பல தலைமுறை மாணவர்கள் அங்கே பழகியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தால் மருத்துவம், இல்லாவிட்டால் நர்சிங், பார்மசி என்று மட்டுமே யோசிக்கிறோம். ஆற்றோடு போனால் வந்துவிடும் தூரத்தில் இப்படி ஒரு படிப்பு இருப்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

சூரியனை நம்பாத ஊர்

ஆழ்கடலுக்கு வருவோம். செதில் புழுக்களின் கிளைகளில் ஒன்று, 10 ஆயிரம் மீட்டரைத் தாண்டிய கடற்பள்ளங்கள் வரை இறங்கிப் போயிருக்கிறது. 1951இல் டென்மார்க்கின் கலாத்தியா கப்பல் பிலிப்பைன்ஸ் பள்ளத்தில் வலை இறக்கியபோது அதிலும் செதில் புழு வந்தது. அங்கே வாழும் பல இனங்களுக்குக் கண்ணே கிடையாது. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லையே.

1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்குப் போனார்கள். கடலடிப் பிளவுகளிலிருந்து வெந்நீர் பீறிடும் இடத்தைத் தேடிப் போனவர்களுக்கு, அந்த ஊற்றைச் சுற்றி உயிர்கள் மொய்த்துக் கிடந்தது பெரும் அதிர்ச்சி. கடல்நீர் பாறை இடுக்குகளில் இறங்கி, கீழே உள்ள வெப்பத்தில் கொதித்து, வழியில் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களைக் கரைத்துக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. சில ஊற்றுகளில் அதன் வெப்பம் 400 டிகிரியை நெருங்கும். சுற்றியுள்ள நீரோ பனிக்கட்டிக் குளிர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் உலோகங்கள் படிந்து புகைபோக்கி போல் கோபுரங்களாக எழும்புகின்றன. அந்த நீரில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு நமக்கு நஞ்சு. அழுகிய முட்டை நாற்றம் என்போமே, அதுதான். அங்கே உள்ள நுண்ணுயிர்களுக்கு அதுவே அடுப்பு. அந்த நுண்ணுயிர்களை நம்பிச் சிப்பியும் நத்தையும் புழுவும் நண்டும் வாழ்கின்றன. சூரிய ஒளியில் தொடங்காத ஒரு சமையலறை.

அந்த ஊற்றுச் சிப்பிகளைப் பிளந்து பார்த்தபோது உள்ளே செதில் புழு இருந்தது. 1984இல் பெட்டிபோன் அதற்கு 'பிராங்கிபோலினோயி' என்று பெயரிட்டார். செவுள் உள்ள செதில் புழு என்று அர்த்தம். பெரும்பாலான செதில் புழுக்களுக்கு இல்லாத கிளைத்த செவுள்கள் இதற்கு உண்டு. உடலுக்குள் ஹீமோகுளோபின் உள்ள சிவந்த நீரும் உண்டு. ஆக்சிஜன் அரிதான இடத்தில் கிடைத்ததைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது. வாடகை இல்லாமல் சிப்பிக்குள் குடியிருந்து, சிப்பி சேகரிக்கும் உணவில் பங்கு எடுத்துக்கொள்கிறது. சில நேரம் வீட்டுக்காரரின் செவுளையும் கொஞ்சம் கடித்துவிடுகிறது. இதை விருந்தாளி என்பதா, ஒட்டுண்ணி என்பதா என்று அறிஞர்கள் இன்னமும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2020ஆம் ஆண்டு, உலகமே ஊரடங்கில் இருந்தபோது, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பசிபிக் ஆழ்கடலிலிருந்து நான்கு புதிய செதில் புழு இனங்களை அறிவித்தார்கள். பேரினப் பெயர் 'பெய்னாலியோபோலினோயி', பசித்த செதில் புழு என்று பொருள். இறந்து அடியில் விழுந்த திமிங்கிலத்தின் எலும்பிலும், வெந்நீர் ஊற்றருகிலும் இவை கிடைத்தன. இவற்றின் செதில்கள் இளஞ்சிவப்பும் பொன்னும் நீலமுமாய் மின்னுகின்றன. மினுக்குச் சட்டை போட்டுப் பாடிய எல்விஸ் பிரெஸ்லி என்ற அமெரிக்கப் பாடகரின் பெயரையே ஒரு இனத்துக்கு வைத்துவிட்டார்கள். அந்த மினுமினுப்பு சாயம் அல்ல. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதுபோல், செதிலின் நுண் அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வருவது. வெளிச்சமே இல்லாத இடத்தில் இந்த அலங்காரம் யாருக்கு என்பது நியாயமான கேள்வி. நீர்மூழ்கிக் கருவியின் விளக்கில்தான் அந்த நிறம் தெரிந்தது. அந்த விளக்கு இன்னொரு காட்சியையும் காட்டியது. இரண்டு புழுக்கள் நேருக்கு நேர் நின்று குதித்துக் குதித்துச் சண்டை போட்டு, ஒன்றின் செதிலை மற்றொன்று கடித்துக்கொண்டிருந்தன. பிடித்து வந்த புழுக்களின் செதில்களில் பிறை வடிவில் கடிபட்ட தடங்கள் ஏன் இருந்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

நம் பெருங்கடலில்

இதெல்லாம் அமெரிக்கக் கரையோரக் கதை என்று விட்டுவிட முடியாது. இந்தியப் பெருங்கடலின் நடுவே நீண்டு கிடக்கும் மலைத்தொடரிலும் இப்படிப்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. 2000இல் ஜப்பானியர் அங்கே கைரெய் என்ற ஊற்றுத் தொகுதியைக் கண்டார்கள். தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் தொடரில் 2,700 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் உள்ள லோங்சி ஊற்றுகளிலிருந்து சீன ஆய்வாளர்கள் எடுத்த செதில் புழுவுக்கு 2017இல் 'பிராங்கிபோலினோயி லோங்சியென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கலாபகோஸ் புழுவின் இந்தியப் பெருங்கடல் உறவினர்.

2024 டிசம்பரில், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஊற்று ஒன்றைப் படம் எடுத்தன. ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி இறங்கி எடுத்த படம் அது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்குவதும் பள்ளிக்கரணைக்காரர்கள்தான்.

ஏன் இவ்வளவு ஆர்வம்? அறிவுத் தாகம் மட்டும் காரணம் இல்லை. ஊற்றுக் கோபுரங்களில் செம்பும் துத்தநாகமும் தங்கமும் வெள்ளியும் இருக்கின்றன. ஜமைக்காவில் தலைமையகம் கொண்ட சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு 2016இல் இந்தியா 10,000 சதுர கிலோமீட்டரில் இந்த வகைத் தாதுக்களைத் தேட ஒப்பந்தம் செய்தது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பெர்க் தொடருக்காக இரண்டாவது ஒப்பந்தமும் ஆனது. அதற்கும் முன்பே, 2002இல் இருந்து, நடு இந்தியப் பெருங்கடலின் அடியில் உருளைக்கிழங்கு போல் சிதறிக் கிடக்கும் மாங்கனீசு உருண்டைகளைத் தேடும் உரிமை 75,000 சதுர கிலோமீட்டரில் நமக்கு இருக்கிறது. நிக்கலும் கோபால்ட்டும் அதில் உண்டு. மின்சார வண்டிகளின் பேட்டரிக்கு வேண்டியவை. 2021இல் பள்ளிக்கரணை நிறுவனம் 'வராகா' என்ற தோண்டும் எந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிச் சோதித்தது. அதே ஆண்டு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இதுவரை எல்லாம் தேடலும் சோதனையும்தான், வணிக ரீதியாகத் தோண்டத் தொடங்கவில்லை.

தோண்டினால் புழுவுக்கு என்ன ஆகும்? அந்த உருண்டைகள் 10 லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வளர்பவை. எடுத்துவிட்டால் மனிதக் கணக்கில் திரும்ப வராது. பசிபிக்கில் இதே உருண்டைகள் கிடக்கும் பகுதியிலிருந்து வந்த செதில் புழுக்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அறிவியலுக்குப் புதிதான 17 இனங்கள் ஒரே ஆய்வில் கிடைத்தன. அதாவது அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலே இன்னும் எழுதி முடிக்கவில்லை. பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஜெர்மானியர் சோதனைக்காக ஆழ்கடல் தரையை உழுதார்கள். 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது உழுத கோடு நேற்றுப் போட்டது போல அப்படியே இருந்தது. நம் நாடும் 1997இல் நடு இந்தியப் பெருங்கடலில் தரையைக் கிளறிவிட்டு, உயிர்கள் எப்படித் திரும்புகின்றன என்று தொடர்ந்து பார்த்தது. அப்படிப் பார்ப்பதுதான் சரியான வரிசை என்று நாம் நினைக்கிறோம்.

வெந்நீர் ஊற்றுகளில் வாழும் இரும்புச் செதில் நத்தை ஒன்று உண்டு. நம் புழுவின் அண்டை வீட்டுக்காரர். அதன் காலிலும் செதில், அந்தச் செதிலில் இரும்புச் சல்பைடு. அதன் வாழிடம் ஒரு சில ஊற்றுத் தொகுதிகளோடு முடிகிறது. 2019இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது ஆழ்கடல் சுரங்க ஆபத்து. அந்தக் காரணத்துக்காகப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் அது. செதில் புழுக்களுக்கு அந்த மரியாதைகூட இன்னும் கிடைக்கவில்லை.

நம் வீட்டுச் சுவரில் உள்ள சிப்பி

இதைப் படித்துவிட்டு, எங்கோ கடலுக்கு அடியில் நடப்பதில் நமக்கு என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் அப்படிக் கேட்க முடியாது. கடலடியைத் தோண்டி எடுத்துப் பிழைப்பது என்றால் என்ன என்று இந்தியாவில் நம்மைவிட யாருக்குத் தெரியும்?

கண்டங்கள் பிரிந்து இந்தியா தனியே நகரத் தொடங்கிய காலத்தில் இந்தப் பகுதிக்குள் கடல் ஏறி வந்தது. பல கோடி ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் அது விட்டுச்சென்ற அடுக்குகளை 1862இல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்து எழுதினார். அரியலூர்த் தொகுதியில் வரும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் சிப்பிகளால் நிறைந்தது. அதைத்தான் வெட்டிச் சிமெண்டு ஆக்குகிறார்கள். வளைகுடாவில் வெயிலில் உழைத்து அனுப்பிய பணத்தில் நாம் கட்டிய மாடி வீட்டுச் சுவரிலும் அந்தச் சிப்பி மாவாகக் கலந்திருக்கக்கூடும். சிமெண்டு ஆலைகளால் பல குடும்பங்களுக்குச் சோறு கிடைக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அதே வேளை, லாரி லாரியாகப் போன கல்லில் என்னென்ன உயிர்த் தடங்கள் போயின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை என்பதும் உண்மை.

சுண்ணாம்பு ஓடுள்ள சிப்பிக்கே இந்த நிலை என்றால் புழுவின் கதி? செதில் புழுவின் உடல் முழுக்க மென்சதை. செத்தால் சில நாளில் கரைந்துவிடும். மிக அரிதாக, நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் தாடைத் துணுக்குகள் சேற்றில் தங்கும், அவ்வளவுதான். காரையின் குழாய்ப் புழு தப்பியது வீடு கட்டிய புண்ணியத்தால். அது வாழ்ந்த சேற்றில் அதனுடன் ஊர்ந்திருக்கக்கூடிய மென்மையான புழுக்கள் சுவடு வைக்காமல் போய்விட்டன. கடலடி உயிர்களைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்ய வேண்டிய காலம் அவை உயிரோடு இருக்கும் காலம் மட்டுமே. பிறகு தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது புழுவின் விஷயத்தில் நடக்காது.

எலும்பே தங்காமல் போன கதையும் நம்மிடம் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 'புருகத்காயோசாரஸ்' என்ற டைனோசரை அறிவித்தார்கள். உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசப்படுகிறது. பேச்சுதான் மிச்சம். அந்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போயின. பழைய படங்களும் அளவுக் குறிப்புகளும் மட்டுமே இருக்கின்றன.

இதற்கு நேர்மாறாக இல்லாததை இருப்பதாக நம்பிய கதை 2020 அக்டோபரில் நடந்தது. குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது வெளிப்பட்ட பெரிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று யாரோ சொல்ல, வாட்ஸ்அப்பில் அது துபாய் வரை போய் நமக்கே திரும்பி வந்தது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, கடல் உயிரியான அம்மோனைட்டைச் சுற்றிப் படிவுகள் திரண்டு உருவான கற்கள் என்று விளக்கினார்கள். அந்த விளக்கத்தை எத்தனை பேர் பகிர்ந்தோம்? கேட்டதை எல்லாம் விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்று நமக்குத் தெரியாதது அல்ல. அதிலும் அந்த உருண்டைக்குள் இருந்த உண்மை பொய்யைவிடச் சுவையானது. முட்டை என்றால் நிலத்தில் ஒரு விலங்கு. அம்மோனைட் என்றால், குன்னத்தில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே கடல் இருந்தது என்று பொருள்.

பிள்ளைகளோடு பார்க்க விரும்புகிறவர்கள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து சாத்தனூர் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டருக்கும் நீளமான அந்த மரம் கடலுக்குள் அடித்துவரப்பட்டுக் கல்லானது. காரைக்குப் போவதென்றால் அதிகாலையில் போங்கள், குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. அங்கே இருப்பதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எடுத்துவந்து வீட்டு ஷோகேஸில் வைத்தால் அது வெறும் கல். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தியே இருக்கிறது.

நத்தையா என்று கேட்ட சிறுமிக்குச் சில நாள் கழித்துப் போன் செய்து, "நாங்க தப்பாச் சொல்லிட்டோம்மா, அது புழு" என்றோம். செதில் புழுக்கள் சண்டை போடும் வீடியோவையும் அனுப்பி வைத்தோம். மூன்று முறை பார்த்தாளாம். பிறகு அவள் கேட்டது: "அப்ப காரையில கடல் இருந்தப்போ இந்த மினுக்குப் புழுவும் இருந்திருக்குமா?" அதன் உடல் கல்லாகாது என்று விளக்கினோம். "அப்ப இப்ப இருக்கிறதையாவது எல்லாத்தையும் படம் எடுத்து வச்சிருக்காங்களா?" என்றாள். கொஞ்சம்தான் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னோம்.